கழுத்தில் ஒன்று, கைப்பையில் ஒன்று

யாழ்ப்பாணத்துத் தீவகத்துக் கமராக்காரர் என்பவர் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுள் ஒன்றைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோ, பாரிஸ், சூரிச், ஹரோ ஆகியவற்றுள் ஒன்றை வதிவிடமாகவும் கொண்டு, நல்ல திடகாத்திரமாக உயிரோடு நடமாடும் ஒருவர். வயது ஐம்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில். நயினை நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நடக்கும் ஆனி மாதத்தில் தீவகத்தில் தென்படத் தொடங்குவார். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை முடியும் ஆவணியில் மறைவார். தூரத்திலேயே அடையாளம் காணலாம். கழுத்தில் மஞ்சள் எழுத்துப் போட்ட கறுப்புப் பட்டி, பட்டியின் முடிவில் பழைய டீ.எஸ்.எல்.ஆர். கமரா, கமராவுக்கு அணையாக வயிறு.

அவருக்கு இரண்டு பாகம் பின்னால் அவருடைய மனைவி வருவார். அவருடைய கைப்பையில் திருநீற்றுச் சரை, பனடோல் அட்டை, பாஸ்போட் பிரதிகள், பாதி தின்ற பிஸ்கற் பக்கற் ஆகியவற்றோடு சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கமராவும் கிடக்கும். குடும்பத்தில் ஒருவரும் இதைக் கமரா என்று சொல்வதில்லை. "அந்தச் சின்னனை எடு" என்றால் போதும். பெரியதுக்குத்தான் கமரா என்ற பட்டம்.

பெரியது வீட்டுக்கு வந்த காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாம். 2003 இல் கனன் 300டி, ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கீழே விலை வைத்து வந்தது. அதுவரை டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். பத்திரிகைக்காரருக்கும் வசதிக்காரருக்கும் உரிய பொருளாக இருந்தது. 2004 இல் நிக்கோன் டி70, 2006 இல் இன்னும் சிறிய, இன்னும் மலிவான டி40. கமராக்காரரில் பெரும்பாலானோர் இந்த அலையில் அகப்பட்டவர்கள். வாங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றே: மூத்த மகளின் சாமத்தியவீடு. படக்காரருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் பார்த்து வாங்கினார். பிறகு சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்று படக்காரரையும் பிடித்தார். அன்று பெரிய கமராவில் பதிவானவற்றில் பெரும்பகுதி அந்தப் படக்காரரின் முதுகு. சின்னதுக்கு அப்படி வரலாறு ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் மிச்சமாய் இருந்த நேரத்துக்கும் மிச்சமாய் இருந்த காசுக்கும் வாங்கியது.

பயணத்துக்கு முதல்நாள் இரவு, எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி எழும். இரண்டையும் கொண்டுபோவதுதான் முடிவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விவாதம் நடக்க வேண்டும். கமராக்காரரின் கட்சி சென்சரில் நிற்கும். அதில் உண்மை உண்டு. நிக்கோன் டி40 இன் சென்சர் 23.7 × 15.5 மில்லிமீற்றர்; சாதாரணச் சின்னக் கமராவின் சென்சர் 6.2 × 4.6 மில்லிமீற்றர், அதாவது சுண்டுவிரல் நகத்திலும் சிறிது. பரப்பில் 13 மடங்கு வித்தியாசம். இருட்டில் ஒளி குறையும்போது பெரிய சென்சர் தாக்குப்பிடிக்கும். சின்னதில் முகம் முழுக்கப் புள்ளி விழும். டி40 இல் 6 மெகாபிக்சல்தான், சின்னதில் 12 என்று பெட்டியில் எழுதியிருக்கிறதே என்று மகன் குறுக்கிட்டால், கமராக்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்ப்பார். அந்தப் பார்வையும் நியாயமானதே. 6 மெகாபிக்சல் படத்தைப் பத்து அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சடிக்கலாம். சுவரில் மாட்ட அதற்குமேல் வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்சியில் ஓர் ஓட்டை உண்டு. அதைப் போட்டவர் படகு ஓட்டி. தீவுகளுக்கு வெளியாட்கள் காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புகிறார்கள். ஆகவே அவர்கள் அங்கே நிற்பது உச்சி வெயிலில். பவளக்கல் மதிலிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் தெறிக்கும் அந்த வெளிச்சத்தில் எந்தச் சென்சரும் படம் எடுக்கும். பெரிய சென்சர் தன் திறமையைக் காட்டக்கூடிய மங்கிய பொழுதில் கமராக்காரர் குறிகட்டுவான் துறையில் இறங்கி, வானைத் தேடிக்கொண்டிருப்பார்.

எடையைப் பற்றிய விவாதம் சுருக்கமானது. டி40 உடல் மட்டும் 475 கிராம், லென்சும் பற்றரியும் சேர்ந்தால் முக்கால் கிலோவை நெருங்கும். சின்னது 150 கிராம் அளவில் நிற்கும். 1975 இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்ரீவன் சசன் செய்த முதல் டிஜிட்டல் கமரா 3.6 கிலோ. அது கடைக்கு வராமற் போனது தீவகத்துக் கழுத்துகளின் அதிர்ஷ்டம்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு இருபது நிமிடம் அளவில் ஓட்டம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். திருவிழாக் காலம் சோளகக் காற்றுக் காலமும் ஆகையால் கடல் சும்மா இராது. படகில் கமராக்காரரின் நிலை ஆராயத்தக்கது. இரண்டு கையாலும் கமராவைப் பொத்திப் பிடித்திருப்பதால் படகைப் பிடிக்கக் கை இல்லை. படகைப் பிடித்தால் கமராவுக்குக் கை இல்லை. உயிர்காப்பு அங்கியைக் கமராவுக்கு மேலே போட்டுக் கட்டிவிடுவார். கமராவும் காப்பாற்றப்படும், ஆனால் கரை சேரும்வரை வெளியே வராது. அந்தக் கடலை அவர் கமராவை நெஞ்சோடு அணைத்தபடி கடப்பார். மனைவியோ ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாலு படம் எடுத்திருப்பார். நாலிலும் கடல் சரிந்து கிடக்கும்.

நயினாதீவில் இறங்கியதும் சின்னதின் காலம் என்று நினைக்கலாம்; அங்கேயும் ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். சட்டைப்பைக் கமராவுக்குச் சட்டையே இல்லை. வேட்டி மடிப்பில் செருகலாம். ஆனால் கும்பிட்டு விழும்போது அது தனியாக ஒரு திசையில் விழும். பெரியதைக் கழுத்தில் போடலாம்; பட்டி பூணூல்போல மார்பில் குறுக்கே கிடக்க, விடுமுறையில் நிருபராக வந்த ஐயர் போலத் தெரிவார். கோயிலுக்குள்ளே படம் எடுப்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே மணிக்கணக்காக நடந்த விவாதத்தின் பயன், கோபுரத்துக்கு வெளியே உள்ள இருபது அடி நிலத்தில் ஒதுங்கிவிடும்.

அந்த நிலத்தில் கூட்டம் பெரியவருக்கு மரியாதை செய்யும். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெரிய கமரா வைத்திருப்பவருக்குச் சனம் வழி விடுகிறது. தேர் வரும்போது தொண்டர் ஒருவர், "அண்ணை, இஞ்சாலை வாங்கோ" என்று முன்னுக்கு இழுத்து விடுகிறார். காவலில் நிற்பவர் "மீடியாவோ?" என்று கேட்பதும் உண்டு, கமராக்காரர் இல்லை என்று சொல்லச் சற்றுத் தாமதிப்பார். சின்னக் கமராவுக்கு இந்த யோகம் கிடையாது. பெரிய கமராவின் முதற்பயன் படமெடுப்பது அன்று என்பது தீவகத்தில் ஐயந்திரிபறத் தெளிவாகும்.

தேர் இருப்பை விட்டு அசைந்த நேரத்தில் பின்னால் ஒரு குரல் கேட்கும்: "வீடியோ வருமோ?" வராது. படமெடுக்கும் எஸ்.எல்.ஆரில் வீடியோவும் வந்தது 2008 இல், நிக்கோன் டி90 இல் தொடங்கி. அதற்கு முந்தியவற்றில் இல்லை. சின்னதுகளிலோ அதற்கு முன்பே உண்டு. "இது வீடியோ எடுக்கிற சாமான் இல்லை" என்று கமராக்காரர் சொல்லும் தொனியில், கேட்டவர்தான் குற்றவாளி. வடம் பிடிப்பதும் அரோகராச் சத்தமும் கைப்பையிலிருந்து வந்ததில் பதிவாகும். அதன்பின் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பாடு. பந்தியில் பெரிய கமராவை வைக்க இடம் கிடையாது. மடியில் இருக்கும் அதற்குமேல் இரசம் பரிமாறப்படும். இதற்கான ஈடு எந்த உத்தரவாத அட்டையிலும் எழுதப்படவில்லை.

பெரியதுக்கு உண்மையான நியாயம் கிடைக்க வேண்டிய இடம் நெடுந்தீவு. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரை வளர்த்த அத்தீவில் அவற்றின் வழிவந்தவை இன்றும் வெளியில் கட்டாக்காலியாக மேய்கின்றன. ஆள் கிட்டப் போனால் விலகிப் போகும். வெயிலில் சின்னக் கமராவின் திரையில் எதுவும் தெரியாது. கண்ணாடிபோலத் தன் முகமும் தொப்பியுந்தான் தெரியும். பெரியதிலோ கண்ணை வைத்துப் பார்க்க ஒளிச்சாளரம் உண்டு, அழுத்தியவுடன் விழும், குதிரை திரும்புவதற்குள் மூன்று படம். இத்தனையும் சரி, லென்ஸ் எங்கே? பெட்டியோடு வந்த 18–55 மில்லிமீற்றர் லென்ஸ், முழு அளவுக் கணக்கில் 82 வரைதான் போகும். சாதாரணச் சின்னக் கமராவின் மூன்று மடங்கு சூமே 105 தொடும். பனசோனிக்கின் டி.இசட். வரிசை 2006 இலேயே சட்டைப்பைக்குள் பத்து மடங்கு சூம் வைத்துவிட்டது. குதிரைக்கு உரிய 55–200 லென்ஸ் ஸ்காபரோ வீட்டு நிலவறை அலுமாரியில் பத்திரமாக இருக்கும், பாரம் என்று விட்டுவிட்டு வந்தது. ஆகவே கமராக்காரரின் நெடுந்தீவுக் குதிரைகள், படத்தை முழுதாகப் பெருப்பித்தால், குதிரை என்று ஒத்துக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கும். பெருக்குமரம் மட்டும் நன்றாக வரும். அது விலகிப் போவதில்லை.

எது எப்படிச் சாகும் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். சின்னது சாட்டிக் கடற்கரையில் சாகும். வெளியே நீண்டு உள்ளே இழுபடும் அதன் லென்ஸ் குழாய்க்குள் ஒரு மணல் போனால் போதும். நீட்டிய கழுத்து நீட்டியபடி நின்றுவிடும். பெரியது சோளகத்தில் லென்ஸ் மாற்றும்போது தூசும் உப்பும் தின்னும். உடனே சாகாது. ஊரில் உள்ள தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனால், அவர் அதை வெல்வெற் துணியில் சுற்றி அலுமாரியில் பூட்டுவார்; பூட்டிய இடத்தில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்துச் சாகும். பாவிக்காமல் பாதுகாக்கப்படுவதே அதன் நோய். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டி இருந்தால் தப்பும்; அதிலும் நல்லது மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு கோழியைப் படம் பிடிப்பது. 300டி, டி70 போன்றவைக்குக் கொம்பாக்ட்பிளாஷ் அட்டை வேண்டும். அதை வாசிக்கும் கருவியைத் தேடி ஊர்காவற்றுறையில் அலைந்து பயனில்லை. யாழ்ப்பாண ரவுணுக்குத்தான் போக வேண்டும்.

கமராக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியாத ஓர் இடமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. வீட்டோடு அல்பங்களும் போயின. கலியாணப் படம், பள்ளிக்கூடப் படம், செத்த வீட்டுப் படம் ஒன்றுமே மிஞ்சாத குடும்பங்கள் பல. கூரையில்லாத வீட்டுச் சுவர், தூர்ந்த கிணறு, வேலியோரத்துப் பூவரசு என்று அவர் ஒரே பொருளை இருபது தரம் எடுப்பதை வீண் வேலை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் படங்களைப் பெரியதில் எடுப்பதே சரி. விளக்கமாக வரும், நிதானமாக எடுக்கலாம், சுவர் அவசரப்படாது.

மனிதருக்கு வந்தால் கதை மாறும். பெரியதைக் கண்டதும் ஆச்சி எழுந்துபோய்ச் சேலை மாற்றி, கதிரையில் நிமிர்ந்து இருந்து, அடையாள அட்டைக்கு எடுப்பதுபோல முகத்தை இறுக்கிக்கொள்வார். சின்னதை அவர் பொருட்படுத்துவதில்லை. போதாததுக்குப் பழைய சின்னக் கமராக்களுக்கு அழுத்திய பிறகு அரை வினாடி யோசிக்கும் பழக்கம் உண்டு. எடுத்து முடிந்ததென்று ஆச்சி பொக்கைவாயால் சிரித்துவிடுவார். கமரா அப்போதுதான் எடுக்கும். குறைபாடு என்று விமர்சகர்கள் எழுதிய இந்தத் தாமதத்துக்கு, தீவகத்தின் நல்ல முகப்படங்கள் பல கடன்பட்டவை.

கைத்தொலைபேசி இரண்டையும் வென்றுவிட்டதே என்பார்கள். வென்றதுதான். ஆனால் 2020களில் ஒரு விசித்திரம் நடந்தது: உலகெங்கும் இளையவர்கள் பழைய சின்னக் கமராக்களைத் தேடத் தொடங்கினார்கள், பிளாஷ் அடித்து முகம் வெளுத்த அந்தப் பழைய தோற்றத்துக்காகவே. பாரிசிலிருந்து வரும் பெறாமகள் சித்தியின் கைப்பையைக் கிளறி, "இதை எனக்குத் தாறீங்களா?" என்று கேட்கிறாள். கழுத்தில் தொங்குவதை ஒருவரும் கேட்பதில்லை. கமராக்காரர் அதைத் தாமாகவே முன்வந்து தருவதாகச் சொல்லியும் பார்த்திருக்கிறார்.

ஒன்றுதான் கொண்டுபோகலாம் என்றால் தீர்ப்பு இது: நயினாதீவுக்கும் ஆட்களுக்கும் சின்னது, இடிந்த வீட்டுக்குப் பெரியது, நெடுந்தீவுக்கும் பெரியது, ஆனால் நீண்ட லென்ஸ் கையில் இருந்தால் மட்டும். எதில் எடுத்தாலும், வெளிநாடு திரும்புவதற்கு முன் ரவுணுக்குப் போய்ப் பத்துப் படத்தையாவது அச்சடித்து ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகவும். "எடுத்தனீங்கள், எங்கை படம்?" என்று அவர் போன வருசமும் கேட்டவர்.