ஆர்டர் வராத வருஷம்

எழுபதுகளில் திருச்சி காட்டூரில் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிலாளிகள். காலையில் தஞ்சாவூர் ரோட்டில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கும். திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாக்கியா உதவியுடன் 1965இல் உற்பத்தி தொடங்கிய பெல்லின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையை நாங்கள் ‘பாய்லர் பிளான்ட்’ என்றுதான் சொல்வோம். அப்பா அங்கே வெல்டர். அவருடைய காக்கிச் சட்டையின் கைகள் தீப்பொறி பட்டுப் பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். கண்ணில் வெல்டிங் அடித்துவிட்டால் கைலாசபுரம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போவார். சொட்டு மருந்தும் ஓய்வும் கிடைக்கும், சம்பளம் குறையாது. நான் படித்ததும் ஆலையின் பள்ளியில்தான். ஒரு வெல்டரின் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போவது எங்கள் தெருவில் அதிசயமாக இருக்கவில்லை.

ஆலைகள் ஊருக்குச் செய்ய வேண்டியதை இப்போது சட்டமே சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறையும் வகுப்பறையும் இதனால் வந்திருக்கின்றன.

ஆனால் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவு இந்தக் கணக்கில் சேராது. தன் ஆட்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஒரு நிறுவனம் அதைத் தொண்டாகக் காட்டக் கூடாது என்பது நியாயமான விதிதான். என்னை வளர்த்த ஆஸ்பத்திரியும் பள்ளியும் அன்றைக்குத் தொழில் நடத்தும் செலவாகவே கருதப்பட்டன. இன்று அந்தச் செலவை எப்படிச் சுருக்குவது என்பதில்தான் எல்லாத் தொழிலிலும் புத்தி போகிறது. சுருக்க வழி, ஒப்பந்த ஆள்.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன், கை சுத்தம். துவாக்குடிப் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் கான்ட்ராக்டர் மூலம் வேலை. கண்ணில் வெல்டிங் அடித்த ராத்திரி, உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்திருந்தான். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. “இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போலாம்லடா?” என்றேன். “கார்டு இல்லண்ணே. நாளைக்குப் போகலன்னா கூலியும் இல்ல” என்றான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. அவன் வாங்குவது அதைவிடக் குறைவு; பேர்தான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. 2 சதவீதம் லாபத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. மின்நிலைய ஆர்டர்கள் வறண்டபோது, பெல்லை நம்பியிருந்த துவாக்குடிப் பட்டறைகள் பல நொடித்துப் போயின. வெல்டர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். போக முடியாதவர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். 2019-20, 2020-21 இரண்டு வருஷமும் பெல்லுக்கே நஷ்டம். மூன்று ஆண்டுச் சராசரியில் லாபம் இல்லாவிட்டால் 2 சதவீதமும் இல்லை. நஷ்டம் நீண்டு ஊர் தவிக்கும்போது சட்டம் அந்த நிறுவனத்திடம் எதுவும் கேட்பதில்லை. இது ஒரு நிறுவனத்தின் குற்றமல்ல, கணக்கின் கோளாறு.

அந்த வறட்சி திரும்பவும் வரும். நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் 2023க்குப் பிறகு மறுபடி வருகின்றன, சந்தோஷம். ஆனால் 2070க்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்யமாக்குவதாக 2021இல் கிளாஸ்கோவில் இந்தியா சொல்லியிருக்கிறது. அதைச் செய்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே சமயம், காட்டூர்க்காரன் கை பழகியது நிலக்கரி பாய்லரில். பைப் வெல்டிங் தெரிந்தவனுக்கு வேறு உலோகமும் வேறு வேலையும் கற்றுக்கொடுக்க முடியும். 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இதே ஆலை வளாகத்தில் இருக்கிறது. தொழிற்பயிற்சிக்குச் செலவிட 2 சதவீதச் சட்டமும் இடம் தருகிறது. ஆகவே வட்டாரத்துப் பெரிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும், லாபம் வரும் இந்த வருஷங்களிலேயே ஒப்பந்த வெல்டர்களின் மறுபயிற்சிக்குப் பணம் ஒதுக்கட்டும். கூடவே, இ.எஸ்.ஐ. கார்டு காட்டாத பட்டறைக்கு ஆர்டரே கொடுக்காமல் இருக்கட்டும். அதற்கு 2 சதவீதத்திலிருந்து ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை.