மடிக்கணினி மெய்க்கீர்த்தி: படப்பை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

எந்த ஆய்வுக் கட்டுரையும் 'மனிதன் ஒரு சமூக விலங்கு' என்றுதான் தொடங்க வேண்டும். இல்லையேல் கருத்தரங்கத் தொகுப்பில் சேர்க்கமாட்டார்கள். எனவே: மனிதன் ஒரு சமூக விலங்கு. அவ்விலங்கு பிளஸ் டூ முடித்தால் கல்லூரியில் சேரும். சேர்ந்தால் லேப்டாப் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் சுற்றத்தார் கூடி அறிவுரை வழங்குவர். அவ்வறிவுரைகளைத் தொகுத்து, வகுத்து, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வெல்லை

இடம்: படப்பை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கிழக்கே மண்ணிவாக்கமும் மேற்கே ஒரகடமும் எல்லைகளாகக் கொள்ளப்பட்டன. காலம்: கல்லூரி சேர்க்கை முடிந்த நாள் முதல் ஆடித் தள்ளுபடி முடியும் வரை. ஆய்வுப்பொருள்: என் அக்கா மகள், பி.எஸ்சி. கணினி அறிவியல், முதலாண்டு. நிதி: 38,000 ரூபாய். இதில் 8,000 அவளுடைய பெரியப்பா தருவதாகச் சொன்னது. ஆகவே அது கருதுகோள் நிலையிலேயே உள்ளது.

சொல்லாய்வு

லேப்டாப்பைத் தமிழில் மடிக்கணினி என்பர். ஈண்டு 'மடி' என்பது யாது? மடிமேல் வைப்பதால் மடி என்பர் ஒரு சாரார். இரண்டாக மடிப்பதால் மடி என்பர் மறு சாரார். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஆறு மாதம் பிரிக்காமல், கை கழுவாதவரைத் தொடவிடாமல் காப்பதால் அது ஆசார மடியே என்பது என் அக்காவின் நடைமுறையால் பெறப்படுகிறது.

மடிக்குச் சோம்பல் என்றும் பொருள் உண்டு. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. ஆகவே 'மடி இன்றியே படிக்கலாம்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிச் சொல்லியிருக்கிறார் என்பது பெரியப்பாவின் துணிபு (பெரியப்பா, வாய்மொழி). இதைவிட மெலிந்த ஆதாரத்தைக் கொண்டு வள்ளுவருக்கு அணுவிஞ்ஞானம் தெரியும் என்று நிறுவி மேடையில் சால்வை வாங்குவோர் உளர் ஆகையால், பெரியப்பாவை மட்டும் தள்ள மனம் வரவில்லை.

முன்னோர் பணி

இத்துறையில் முன்னோடி அரசே. அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதற்கு 'விலையில்லா மடிக்கணினி' என்று பெயரிட்டனர். விலையில்லா என்றால் இலவசமா, விலைமதிப்பற்றதா என்று இலக்கணிகள் விசாரிப்பதற்குள் மாணவர்கள் அதில் படம் பார்க்கத் தொடங்கிவிட்டனர். அத்திட்டத்தில் தேர்வுத் தொல்லை கிடையாது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கித் தந்துவிடும். சுற்றத்தார் வாய் திறக்க இடமே இல்லை. வரலாற்றாசிரியர்கள் இதைப் பொற்காலம் என்று குறிக்க மறந்துவிட்டனர். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மீண்டும் அறிவிப்பு வந்தது. நம் ஆய்வுப்பொருள் சேர்ந்ததோ சுயநிதிக் கல்லூரி. பொற்காலம் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிற்று.

வட்டாரச் சிறப்பையும் இவண் சுட்ட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் டெல் ஆலை 2007இல் வந்தது. எச்.பி. தன் மடிக்கணினிகளை அங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் செய்விப்பதாக 2021 இறுதியில் அறிவித்தது. மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று 2023 ஆகஸ்டு 3 அன்று மத்திய அரசு சொல்லி, பிறகு தளர்த்தியது. அதற்குப் பின் ஒரகடம் பக்கம் புது ஆலைப் பேச்சு பெருகிற்று. இதன் விளைவாகப் படப்பையில் தெருவுக்கு ஒருவர், லேப்டாப் கம்பெனியில் வேலை பார்ப்பவரைத் தெரிந்தவராக இருக்கிறார். வேலை பார்ப்பவர் அல்லர், தெரிந்தவர். அறிவுரை அவரிடமிருந்தே பிறக்கிறது என்பது பின்னர் விளக்கப்படும்.

வகைப்பாடு

மடிக்கணினி ஐவகைப்படும்.

1. புதியது: விலை அதிகம்.

2. பழையது: சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லு உள்ளவை விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறா. கடைக்காரர் 'ஓடும் சார்' என்பார். ஓடும், முறைப்படி அல்ல.

3. தவணையில் வாங்குவது: பழையது ஆன பிறகும் புதியதற்குப் பணம் கட்டுவது.

4. கேமிங்: 'படிக்கத்தான்' என்று சொல்லிக் கேட்கப்படுவது.

5. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவருவது: வராது.

மெய்க்கீர்த்தி

இனி, ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம் இருக்கிறது. பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்றென்று கூரம் செப்பேடு பெயர் சொல்லும் ஊர் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் இராசாதிராசன், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டில் சொல்லவந்த செய்தி ஒரு துண்டு நிலமோ ஒரு விளக்கோதான். ஆனால் அதற்குமுன் அரசன் வென்ற நாடுகள், ஓடவிட்ட பகைவர், பிடித்த யானைகள் எல்லாம் வரிசையாக வரும். இதுவே மெய்க்கீர்த்தி. முதலாம் இராசராசன் நிலைப்படுத்திய வழக்கம். ஆட்சியாண்டு கூடக் கூட அதன் நீளமும் கூடும்.

லேப்டாப்பின் விலை அட்டையும் இதே யாப்பில் அமைந்தது என்பது இவ்வாய்வாளனின் கண்டுபிடிப்பாகும். தாம்பரம் கடையொன்றில் படியெடுத்த அட்டையின் வாசகம்: 'ரைசன் 5 7520யூ, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குல முழு எச்.டி. ஆண்டிகிளேர் திரை, 10 மணி நேரம் வரை பேட்டரி, மிலிட்டரி கிரேடு உறுதி, மெலிந்த எடை குறைந்த உடல், வெள்ளி நிறம், பை இலவசம்.' சொல்லவந்த செய்தி கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தது: விலை. இதற்குப் பதவுரை வருமாறு.

'ரைசன் 5 7520யூ' என்றது விருதுப்பெயர். சோழர் இராசகேசரி, பரகேசரி என மாறி மாறிப் பட்டம் சூடினர். பட்டத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாமல் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டு வயிறு வளர்க்கின்றனர். இங்கும் அஃதே. முதல் இலக்கமாகிய 7 ஆண்டைக் காட்டும். குலத்தைக் காட்டுவது மூன்றாம் இலக்கம். அது 2. அதாவது 2019இல் வந்த ஜென் 2 குலம். 2022இல் அறிமுகமான இச்சில்லு, பேரனின் பட்டத்தைச் சூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் பாட்டன் என்க. 'ஏழு பெருசா, அஞ்சு பெருசா? ஏழையே வாங்கு' என்பது பெரியப்பாவின் பாடம் (பெரியப்பா, மேலது).

'512 ஜிபி' என்றது நில அளவை. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் 476 என்று காட்டும். திருட்டு என்பர் அறியாதார். சோழர் காலத்தில் பதினாறு சாண் கோலும் உண்டு, பதினெட்டு சாண் கோலும் உண்டு. கோல் மாறினால் வேலி மாறும். செய்பவர் ஆயிரத்தால் அளக்கும் கோலைப் பிடிக்கிறார். விண்டோஸ் 1024ஆல் அளக்கும் கோலைப் பிடிக்கிறது. நிலம் அதேதான். 'மீதி 36 ஜிபியைக் கடைக்காரன் எடுத்து வேற மிஷின்ல போட்டுட்டான்' என்பது மாற்றுக்கருத்து (பெரியப்பா, சலூன் பதிப்பு, இடக்கன்னம் மழித்து முடித்து வலக்கன்னம் தொடங்குமுன் கூறியது).

'10 மணி நேரம் வரை' என்பதில் உயிர் 'வரை'யில் உள்ளது. முதலாம் இராசேந்திரன் கங்கை வரை வென்றான் என்பது உண்மை. படைதான் போயிற்று, அதுவும் திரும்பிவிட்டது என்பதும் உண்மை. கங்கைகொண்டான் என்ற பட்டத்துக்கு அதனால் குறைவில்லை. பேட்டரியும் திரை வெளிச்சத்தை அடக்கி, வைஃபையைத் துறந்து, ஒன்றும் செய்யாமல் தவத்தில் இருக்கும் ஒரு நாளில் பத்தாம் மணியைத் தொட்டு வரும். குடியேறாது.

'மிலிட்டரி கிரேடு' என்றது அமெரிக்கப் படைத்துறை வகுத்த சோதனை முறைகளை. அவற்றுள் எவற்றைச் செய்வது என்பதைச் செய்பவரே தேர்ந்துகொள்ளலாம். தன் கேள்வித்தாளைத் தானே எழுதித் தேர்ச்சி பெறும் இம்முறை, பதிவுக் கட்டணம் கட்டியோர் கட்டுரையெல்லாம் தரமானவை என ஐ.எஸ்.பி.என். எண்ணும் சாம்பார் சாதமும் தரும் கருத்தரங்குகளுக்குப் புதிதன்று.

திரையைப் பற்றி அட்டை ஒன்றை மறைத்தது. விசாரித்தபோது, 'டி.என். பேனல்' என்றார் கடைப் பையன். டி.என். ஆவது தமிழ்நாடு என்றும், நம்மூர்ச் சரக்கென்பதால் விலை குறைவு என்றும், இதை மறைத்தது வடவர் சூழ்ச்சி என்றும் பெரியப்பா ஒரே மூச்சில் நிறுவினார். அது திரவப் படிகங்களை முறுக்கி வைக்கும் ட்விஸ்டட் நெமேட்டிக் என்பதன் சுருக்கம். நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் சாய்ந்தால் நிறம் வெளிறும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் ஐ.பி.எஸ். வாங்கலாம் என்றேன். 'அப்ப அது போலீஸ் டிபார்ட்மென்ட்டா?' என்றார் (பெரியப்பா, படப்பை பேருந்து நிறுத்தம், டீக்கடை இரண்டாம் பெஞ்சு, கிளாசைக் கீழே வைத்தபின் கூறியது. கிளாசைக் கையில் வைத்திருந்தபோது கூறிய பாடம் வேறு; அது இடைச்செருகல் என்பர். மேலும் ஒப்புநோக்குக: அதே பெரியப்பா, இன்வர்ட்டர் வாங்கிய வரலாறு, குளியலறைக் கதவு வழியாக, தண்ணீர்ச் சத்தத்தால் இரு வரிகள் சிதைவு, அவை ஆய்வாளனால் ஊகித்து நிரப்பப்பட்டன. ஊகத்தைப் பெரியப்பா துண்டோடு வெளியே வந்து மறுத்தார். மறுப்பு ஏற்கப்படவில்லை, ஏனெனில் மூல ஆசிரியர் தம் நூலுக்கு உரை சொல்லத் தகுதியுடையவர் அல்லர்.)

'பை இலவசம்' என்றது பை இலவசம் என்றவாறு. மெய்க்கீர்த்தியில் முழுவதும் மெய்யான பகுதி இதுவே.

களஆய்வு

ஏழு வாரத்தில் பதினோரு பேரின் அறிவுரை திரட்டப்பட்டது. பதினொன்றும் ஒன்றுக்கொன்று முரணின. எனினும், எல்லாரும் ஓர் ஆளையே ஆதாரம் காட்டினர்: 'லேப்டாப் கம்பெனியில வேலை பாக்குற நம்ம பொண்ணு ஒண்ணு.' தேடிப் போனால், அது என் அக்கா வீட்டுக்கு எதிர்மாடியில் நாலு பேரோடு வாடகைக்கு இருக்கும் பெண். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பதினோரு பேரில் எவரும் அவளிடம் நேரில் கேட்டதில்லை. ஆய்வுலகில் மூலநூலைப் புரட்டாமலே மேற்கோள் காட்டுவது வழக்கம் ஆகையால் இதில் வியப்பில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு படியேறிக்கொண்டிருந்தாள். லைனில் அவள் வேலை, கீபோர்டு சோதனை. விரித்து வைத்த நோட்டோடு என் அக்கா மகள் போய் நின்றாள்.

"எவ்ளோ வெச்சிருக்க பாப்பா?"

"முப்பத்தெட்டு... முப்பதுன்னே வெச்சுக்கோங்கக்கா."

"காலேஜுக்கு பஸ்லதான போற? அப்ப கனமா வாங்காத. ரேம் எட்டு போதும், ஆனா இன்னொண்ணு சொருக இடம் இருக்கான்னு கேளு. எஸ்எஸ்டி இல்லாததைத் தொடாத. சர்வீஸ் தாம்பரத்துலயே இருக்கான்னு கேளு. ஒரு மூலையைப் புடிச்சுத் தூக்கு, கிரீச்சுன்னா வேணாம்."

"கீபோர்டுக்கா?"

"பட்டனை நடுவுல அமுக்குனா எல்லாமே நல்லாதான் இருக்கும். ஓரத்துல அமுக்கிப் பாரு. ஸ்பேஸ் பாரை ரெண்டு முனையிலயும் அமுக்கு."

நோட்டில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. மூடும்போது அவள் கேட்டாள்: "உங்ககிட்ட என்ன லேப்டாப்க்கா இருக்கு?"

"எத்தனையோ இருக்கு பாப்பா. ஒவ்வொண்ணும் அரை நிமிஷம்."

முடிவுரை

நாட்டார் வழக்காற்று ஆய்வில் இத்தகையோர் 'தகவலாளி' எனப்படுவர். தகவலாளி சொல்வார், ஆய்வாளர் கண்டுபிடிப்பார். அம்மரபின்படி எடை, ரேம், எஸ்எஸ்டி, சர்வீஸ், மூலை, ஓரம் ஆகிய ஆறும் இவ்வாய்வாளனின் கண்டுபிடிப்புகளாக இங்கே பதிவு செய்யப்படுகின்றன.

அவற்றின்படி தாம்பரத்தில் ஒன்று வாங்கப்பட்டது. பெரியப்பாவின் 8,000 இன்னும் நிறுவப்படவில்லை. மிச்சத்தைப் போட்டவன் மாமன். வீட்டில் அதைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் எறும்பெழுத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருந்தது. விலை அட்டையின் மெய்க்கீர்த்தியில் அது இல்லை. சோழர் காலத்து ஆவணங்களின் கடைசியிலாவது 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பமிட்டவர் பெயர் இருக்கும். இதில் அந்த வரிக்கான இடத்தில் பட்டைக்கோடு ஒட்டியிருந்தது.

நன்றி: பெரியப்பாவுக்கு, கேட்டு வாங்கிக்கொண்டார். தகவலாளி: பெண், எதிர்மாடி, நைட் ஷிப்ட். கட்டுரையைப் படித்துக்காட்டி ஒப்புதல் பெறப் பகல் பதினோரு மணிக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.