நனையாத அண்ணாச்சி

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஆலங்குளத்துக்காரர்கள் துண்டைத் தேடுவார்கள். போட்டோ அண்ணாச்சி டிரைபாடைத் தேடுவார். சீசன் முழுக்க ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று அலைந்தும் தலைமுடி நனையாமல் வீடு திரும்புகிற ஒரே ஜீவன் அவர்தான். "குளிக்கவும் இல்ல, நெல்லிக்கா வாங்கிட்டும் வரல, அப்புறம் எதுக்கு பெட்ரோல்?" என்பார் மதினி.

அருவிக்கரையில் அவருக்குப் பிடிக்காதது மனிதர்கள். எண்ணெய் வழிய நிற்பவரிடம், "செத்த ஒதுங்குங்க, பிரேமுக்குள்ள தொப்பை வருது" என்பார். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரைச் சில விநாடி திறந்து வைத்து எடுப்பார். தண்ணீர் பாலாய் வழியும். "எந்தப் பால் பண்ணைவே இது?" என்று கேட்ட மச்சினனைக் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டார்.

அண்ணாச்சி ஃபிளிக்கர் காலத்து ஆள். 2004-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் பல குழுக்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு படம் போட்டால், அடுத்தவர் படம் இரண்டுக்குக் கருத்துச் சொல்லியாக வேண்டும். 2010-ல் வந்த இன்ஸ்டாகிராம், 2015 வரை சதுரப் படம் மட்டுமே ஏற்றது. அத்தனை வருஷமும் அண்ணாச்சியின் தென்காசிக் கோபுரத்தில் கலசம் இருந்தால் வாசல் இருக்காது, வாசல் இருந்தால் கலசம் இருக்காது.

சட்டம் எழுதாத குரூப்பிலும் நடப்பது மொய்க் கணக்குதான். படம் போட்ட முதல் அரைமணி நேரம் கடைக்கு வந்தவரிடம்கூடப் பேச மாட்டார். லைக் சீக்கிரம் விழுந்தால்தான் படம் நாலு பேர் கண்ணில் படும். யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் மனப்பாடம். "போன வாரம் அவன் கொக்குக்கு நான் ஹார்ட் விட்டேன். என் அருவிக்கு வெறும் கட்டவிரலக் காட்டிட்டுப் போறாம்லே!" அவரும் எந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. வரிசையாக 'அருமை', 'அருமை' என்று போட்டுக்கொண்டே போனதில் ஒருமுறை இரங்கல் செய்திக்கும் 'அருமை' விழுந்துவிட்டது.

இடத்தின் பெயரை மட்டும் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால், படத்தின் கீழே 'தென்காசி மாவட்டத்தில் ஓரிடம்' என்று போடுவார். 1992-ல் 'ரோஜா' படத்தில் ஊர் உலகமே பார்த்த இடம்! கேட்டால், "கூட்டம் வந்து செடிய மிதிச்சுரும்லா" என்பார். உண்மையில், கொக்குக்காரன் வந்துவிடுவான்.

போன சீசனில் பேரருவியில் வெள்ளம். கேமராவைப் பையில் போட்டுவிட்டு, 'குளிக்கத் தடை' பலகையைச் செல்போனில் சாய்வாக ஒரு கிளிக். வாழ்நாளிலேயே அவர் படம் அதிகம் பகிரப்பட்டது அன்றுதான். மதுரை, கொல்லம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள், "நாளைக்குத் திறந்துருவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். அவருக்கோ ஒரே அழுகை: "போகஸே இல்லாத படம்லே அது!"

ஆனாலும் கலைஞன் தோற்பானா? இப்போது பலகையையே மூன்று கோணத்தில் எடுக்கிறார். நடுவில், 'தடை' என்ற எழுத்து மறைகிற அளவுக்கு, அவர் பெயரில் வாட்டர்மார்க்.