இரண்டு டிக்கெட் ரசிகர்

திருத்தணியில் தமிழில் ஒரு தடவை, நகரியிலோ புத்தூரிலோ தெலுங்கில் ஒரு தடவை. இப்படி இரண்டு முறை பார்க்காமல் எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பது நகரி ரசிகரின் கட்சி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எல்லையைப் பிரித்த படாஸ்கர் தீர்ப்பால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை வட எல்லைக்குப் போராடிய ம.பொ.சி.யின் வாரிசுகள் கணக்குப் பார்க்கட்டும். நம்மவருக்கு டிக்கெட் செலவு இரட்டிப்பானதுதான் மிச்சம்.

டப்பிங் என்றால் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் தமிழ், மண்டல ஆபீஸில் தெலுங்கு என்று பிழைக்கிறவருக்கு உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவது பெரிய குறையா என்ன?

வெளியூர்க்காரர் வந்தால் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைப்பார். "1992ல வந்த 'ரோஜா' படத்துல எங்க நடிகை ரோஜா இல்லீங்க, அது மதுபாலா. எங்கம்மா அதே வருஷம் வந்த 'செம்பருத்தி'." 2014, 2019 இரண்டிலும் ஊர் ரோஜாவை எம்.எல்.ஏ. ஆக்கியதையும் சொல்வார். 2024 பற்றிக் கேட்டால் மட்டும், "நான் அரசியல் பேசறதில்ல."

தீபாவளிக்கு 'அமரன்' பார்த்துவிட்டு வந்தார். 2014 ஏப்ரலில் ஷோபியானில் உயிரைக் கொடுத்து, அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. மறுநாள் டீக்கடையில் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"சண்டை இன்னா மாதிரி இருக்குது மாமா?"

"சண்டையா? சாய் பல்லவிய பாருடா நைனா! புருஷன் காஷ்மீர்ல, இது ஊர்ல. போன்லயே குடும்பம் நடத்துது. அந்தப் பொண்ணு மூஞ்சிதான்டா படமே."

"துப்பாக்கிச் சண்டைய கேட்டேன் மாமா."

"அது இருக்குது. சத்தம் பத்தல."

பத்தாதுதான். அவர் கொட்டகையில் எட்டு விசைத்தறி. நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தில், பக்கத்தில் நிற்கிறவனிடம் நூல் அறுந்துவிட்டது என்று சொல்லவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். முப்பது வருஷம் அங்கே நின்ற காதுக்கு எந்த டைரக்டர் குண்டு வைத்தாலும் ஊசிப் பட்டாசுதான். அவர் தியேட்டரில் மெதுவாகப் பேசுவதாக நினைத்துச் சொல்லும் விமர்சனம் பால்கனி வரை கேட்பதற்கும் இதுவே காரணம். படத்தில் யாருக்காவது கால் முறிந்தால், "புத்தூர் கட்டு போட்டா மூணே வாரம்!" என்று ராணுவ ஆஸ்பத்திரிக்கே வழி சொல்வார்.

காதல் காமெடிக்கு வந்தால் பேச்சு தலைகீழ். 2022இல் வந்த 'லவ் டுடே'யில் பெண்ணின் அப்பாவாக வரும் சத்யராஜ் காதலர்கள் இருவரையும் கூப்பிட்டு, போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாரே, நம்மவர் சீட்டு நுனிக்கு வந்துவிட்டார்.

"இதுதான்டா யுத்தப் படம்! கைதி பரிமாற்றம்னா இதுதான். ரெண்டு பக்கமும் ஆயுதத்த ஒப்படைச்சிட்டு நிக்குதுங்க. சத்யராஜ் ஐ.நா. சபை."

சுற்றியிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தபோது இவர் ஒருவர்தான் பதறிப்போய் உட்கார்ந்திருந்தார். அதே படத்தில் ஒரு சிறுவன் மாங்கொட்டையை நட்டுவிட்டு, முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்ப்பான். நம்பிக்கை வேண்டும் என்பது டைரக்டர் சொல்ல வந்த சேதி. சித்தூர் ஜில்லாக்காரருக்கு அது வேறு மாதிரி பட்டது.

"கொட்டை போட்டு எப்படா காய்க்கும்? ஒட்டுக்கன்னு வெச்சிருந்தா நாலு வருஷத்துல பெங்களூரா பறிச்சு கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏத்தியிருக்கலாம். அந்தப் பையனுக்கு வெவரம் சொல்ல ஆள் இல்ல."

"அது காதலுக்குச் சொன்னது மாமா."

"காதலுக்கும் ஒட்டுக்கன்னுதான் நல்லது. எங்க காலத்துல பெரியவங்க பார்த்து ஒட்டினாங்க. காய்க்கலியா?"

உள்ளே அத்தை தார் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "காய்ச்சுது, காய்ச்சுது" என்றார்.

சரி, இரண்டில் எது நல்ல படம் என்று கடைசியாகக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"'லவ் டுடே' தமிழ்ல நல்லாருந்துச்சு. தெலுங்குல 'அமரன்' ஒரு படி மேல."

"அமரனைத் தெலுங்கில் பார்த்தாயிற்றா?"

"ஞாயித்துக்கிழமை போறேன்."