கலர்க்காரி

காலை ஐந்தே முக்காலுக்குத் தங்கச்சியிடமிருந்து போன் வந்தால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அம்மாவுக்கு ஏதோ. அம்மாவோ நாகர்கோவிலில் என் எதிரே உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆகவே இரண்டாவது.

"அண்ணே, ஒன்கிட்ட நீலச் சட்டை இருக்கா?"

"இருக்கு."

"என்ன நீலம்?"

இதென்ன கேள்வி? சட்டைக்குப் பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஆள் நான். யோசித்து, "ரேஷன் மண்ணெண்ணெய் நீலம்" என்றேன்.

"அது ஆகாது. மயில் கழுத்தும் ஆகாது. சங்குப்பூ நீலம் வேணும். இல்லேன்னா மஞ்சள் போட்டுட்டு வா. மஞ்சள்னா எலுமிச்சை மஞ்சள். மாம்பழ மஞ்சள் போட்டுட்டு வந்தா உள்ள விடமாட்டேன்."

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வருகிற தாய்மாமனை வாசலிலேயே நிறுத்தப்போகிற இந்தப் பெண்ணைத்தான் நான் கலர்க்காரி என்கிறேன். என் தங்கச்சி ஒருத்தி என்றால் குடும்ப விவகாரம் என்று விட்டிருப்பேன். இப்போது தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். உங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஐஸ்கிரீம் குச்சிகள் கழுவிக் காயவைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல் டிவியைவிட பத்திரமாக இருக்கும். பசை உருக்கும் துப்பாக்கி ஒன்று இருக்கும், அது சுட்ட தழும்பு அவள் விரலில் இருக்கும். பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள். உங்கள் புடவைக் கரையைப் பார்ப்பாள். துவரம்பருப்பை ஊறவைத்துவிட்டு, "என்ன ஒரு மஞ்சள்!" என்று அப்படியே நிற்பாள்.

பிறவியிலேயே இவள் இப்படி இருந்ததில்லை. எங்கள் சின்ன வயதில் பிறந்தநாள் என்றால் கோவிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம், கையில் ஒரு புதுச்சட்டை. சட்டையின் நிறத்தை ஜவுளிக்கடையில் மிச்சமிருந்த துணி முடிவு செய்தது. இவளுக்கு முதல் கிறுக்கு நவராத்திரியில்தான் பிடித்திருக்க வேண்டும். ஒன்பது நாளைக்கு ஒன்பது நிறம் என்று வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வரும். ஆபீசே ஒரு நாள் முழுக்கச் சாம்பலாக உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறத்தில் நவராத்திரி கொண்டாடலாம் என்று நம்பிய பெண், பிறகு எதையும் நம்பத் தயாராகிவிடுகிறாள்.

தங்கச்சி இருப்பது விதுராவில். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. திருவனந்தபுரத்தில் இறங்கி, நெடுமங்காடு வழியாகப் பொன்முடி போகிற பாதையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ஊர். அதற்கு மேலே கல்லாறு, அதற்கும் மேலே 22 கொண்டை ஊசி வளைவு. எங்கே திரும்பினாலும் பச்சை. வீட்டுக்குப் பின்னால் ரப்பர், பக்கத்தில் பாக்கு, மதிலில் மிளகுக்கொடி, மதிலே பாசி பிடித்துப் பச்சை. பச்சை என்று ஒரு தீம் வைத்தால் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். இவள் நீலமும் மஞ்சளும் கேட்கிறாள்.

இரண்டு நிறம் ஏன் என்றால், பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு எட்டு, இளையவனுக்கு ஐந்து. இருவர் பிறந்த தேதிக்கும் பதினோரு நாள் வித்தியாசம். அதுவே சிக்கல், கேரளத்தில் அது இரட்டைச் சிக்கல். அங்கே பிள்ளைக்குத் தேதியைக் கேட்கமாட்டார்கள், "நாள் ஏது?" என்பார்கள். நட்சத்திரம்தான் பிறந்தநாள். ஆக, தேதிக்கு இரண்டு, நட்சத்திரத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு நான்கு பிறந்தநாள். நான்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடக்கிவிட்டாள் தங்கச்சி. இதை மட்டும் நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் ஒரே நிறத்தில் அடக்க முடியவில்லை. அவளுக்கு நீலம், அவனுக்கு மஞ்சள். அடித்துக்கொண்டு உருண்டார்கள். கடைசியில் கூடத்தின் நடுவே சுண்ணாம்புக் கோடு கிழித்து, கிழக்கே நீலம், மேற்கே மஞ்சள் என்று எல்லை பிரித்தார்கள்.

இதற்கெல்லாம் ஆள் வைத்துச் செய்கிற கம்பெனிகள் இருக்கின்றனவே என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். "காசை விட்டெறிஞ்சா யாரும் செய்வா. இது எல்லாம் வீட்லயே செஞ்சது" என்றாள். கலர்க்காரியின் வாயில் அந்த நான்கு சொல்லும் மந்திரம் மாதிரி. அதைச் சொல்வதற்காகத்தான் விழாவே என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

கடையில் வாங்குகிற கலர்ப்பொடியும் தடை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்கிற சாயத்தைக் கண்டுபிடித்து, புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள் அல்லவா? அந்தச் செய்தியைக் குடும்பக் குழுவில் மூன்று முறை போட்டவள் இவள். அன்றிலிருந்து அவள் வீட்டில் நிறம் என்றால் செடியிலிருந்து வர வேண்டும். மஞ்சளுக்கு மஞ்சள்தூள். நீலத்துக்குச் சங்குப்பூ.

நீலம் சாப்பாட்டில் எளிதில் கிடைக்காத நிறம். நாம் சாப்பிடுகிற எதையாவது நீலம் என்று சொல்ல முடியுமா? நாவற்பழம் கறுப்பு, கத்தரிக்காய் ஊதா. மலேசியாவில் கிளந்தான் பக்கம் சங்குப்பூவைப் போட்டுச் சோற்றையே நீலமாக வடித்து 'நாசி கெராபு' என்று சாப்பிடுகிறார்கள். இதை எங்கேயோ பார்த்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் போய் இறங்கியபோது மாப்பிள்ளை வீடு வீடாகப் போய் வேலியில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். தினமும் பூசைக்கு ஒரு பூக்கூடப் பறிக்காத மனிதர். "அத்தான், இருநூறு வேணுமாம். நூத்தி எழுபது ஆச்சு" என்றார், கணக்கெடுப்புக்கு வந்தவர் மாதிரி.

எனக்கு ஒதுக்கிய வேலை பலூன். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்க, கல்யாணத்துக்குச் சீர் செய்ய என்று தாய்மாமனுக்கு நம்மவர்கள் வைத்த கடமைகள் எல்லாமே செலவு சம்பந்தப்பட்டவை. மூச்சு சம்பந்தப்பட்டது இதுதான் முதல். நீலம் அறுபது, மஞ்சள் அறுபது. பம்பு இருந்தது; இளையவன் அதை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டான்.

பின்திண்ணையில் உட்கார்ந்து ஊதினேன். எதிரே ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. காலையில் கீறிவிட்டுப் போன வெட்டில் பால் காய்ந்து ஒட்டுப்பாலாகத் தொங்கியது. அதை உருட்டி எடுக்க வந்த வெட்டுக்காரர் என்னைப் பார்த்து நின்றார். என் கன்னம், கழுத்து நரம்பு, கையிலிருந்த பலூன் எல்லாவற்றையும் பார்த்தார். "இதும் நம்ம பால்தான் சாரே" என்றார். உண்மைதான். இந்த மரத்துப் பால் எங்கேயோ போய், சாயம் குளித்து, பாக்கெட் விலை வாங்கிக்கொண்டு, அதே மரத்தடிக்குத் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் யாருக்கெல்லாம் காசு என்று கேட்டால், எங்கள் இருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

தங்கச்சி பயப்படுகிற ஒரே ஆள் ஹரித கர்ம சேனைச் சேச்சி. மாதம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டு வாசலிலேயே பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிற பெண்மணி. ஒரு முறை போட்டால் எறிகிற பிளாஸ்டிக்கைக் கேரளம் 2020 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. ஜிகினாத் தாளைச் சேச்சி எடுத்து, வெயிலில் பிடித்து, "இது ஏது வகை?" என்று கேட்டால் தங்கச்சிக்குப் பதில் வராது. அதனால் தோரணம் முழுக்கத் துணி. என் அப்பாவின் பழைய வேட்டி இரண்டைக் கிழித்து ஒன்றை மஞ்சளிலும் ஒன்றைச் சொட்டு நீலத்திலும் முக்கியிருந்தாள். சொட்டு நீலம் சொட்டாகப் போட வேண்டியது; இவள் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறாள். வேட்டி நீலமாகவில்லை. மழைக்கு முந்திய வானம் மாதிரி திட்டுத் திட்டாக ஆனது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, "ஒங்கப்பா இதைக் கட்டிட்டுதான் பத்மநாபசாமி கோவிலுக்குப் போவாரு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நிறத்தைச் சொல்லி அழைத்திருந்தும் அண்டை வீட்டுச் சேச்சிகள் அத்தனை பேரும் செட்டும் முண்டும் உடுத்தி வந்தார்கள். விசேஷம் என்றால் கேரளத்துக்குத் தெரிந்த நிறம் அந்தச் சந்தனவெள்ளை ஒன்றுதான். தங்கச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு சேச்சி கசவுக் கரையைத் தூக்கிக் காட்டி, "இது மஞ்ஞ அல்லே?" என்றாள். ஜரிகையை மஞ்சள் கணக்கில் சேர்க்கலாமா என்று கலர்க்காரி அரை நிமிஷம் யோசித்தாள். பிறகு எல்லோரையும் மேற்கே உட்காரவைத்தாள். கிழக்கே நான் மட்டும் இருந்தேன், கடன் வாங்கிய சட்டையில்.

தெருப் பையன்கள் வந்தபோது அந்தக் குறையும் தீர்ந்தது. கூடத்தை எட்டிப் பார்த்தான் ஒருவன்: ஒரு பாதி நீலம், ஒரு பாதி மஞ்சள், நடுவில் வெள்ளைக் கோடு. "அர்ஜென்டினா! பிரேசில்!" என்று ஒரு கூச்சல். 2022 உலகக் கோப்பைக்குக் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி, அதைப் பார்த்து நெய்மாருக்கு 40 அடி என்று கட்அவுட் நிறுத்திய மாநிலம் இது. அங்கே இந்த இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா? பத்து நிமிஷத்தில் பையன்கள் ஜெர்சி மாற்றிக்கொண்டு திரும்பி வந்து அவரவர் நாட்டில் உட்கார்ந்தார்கள். மஞ்சள் கேட்ட இளையவன், அர்ஜென்டினாதான் கோப்பை வாங்கியது என்று கேள்விப்பட்டதும் கோட்டைத் தாண்டி நீலத்துக்குப் போய்விட்டான். மூத்தவள் அவனைத் தள்ளினாள். கோடு அழிந்தது.

இதற்குள் சமையலறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

நீலச் சோறு அருமையாக வந்திருந்தது. பெரிய பாத்திரத்தில் ஆறவைத்து, வாழையிலை போட்டு மூடி, "யாரும் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி தலைவாரப் போனாள். அம்மா இலையை நீக்கி ஒரு பருக்கையை வாயில் போட்டாள். ஒன்றும் இல்லை. உப்பு இல்லை, புளிப்பு இல்லை. பிள்ளைகளுக்கு இதையா கொடுப்பது? பக்கத்தில் மஞ்சள் தரப்புக்காக நறுக்கி வைத்த எலுமிச்சம்பழம் இருந்தது. ஆறு மூடி பிழிந்தாள். கையால் பிசறினாள். பிசறப் பிசறச் சோறு அவள் விரலிடுக்கில் நீலத்திலிருந்து கத்தரிப்பூவுக்கு மாறியது. பழச்சாறு அதிகம் விழுந்த இடம் ரோஜாவாகவே ஆகிவிட்டது. எண்பது வயதுக்கு என் அம்மா பார்க்காத மாயமில்லை, இருந்தாலும் கையை உதறிவிட்டு, "எலே மக்களே, இங்க வாயேன்" என்று என்னைக் கூப்பிட்ட குரல் நடுங்கியது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மேடையின் மறுகோடியில் தங்கச்சி கேக்கைக் கவிழ்த்தாள். சனிக்கிழமை சுட்டது உப்பவில்லை என்று, இன்றைக்கு ஆப்பச்சோடாவை இரண்டு கரண்டி கூடப் போட்டிருக்கிறாள். மஞ்சள் தாராளம். தட்டில் விழுந்தது செங்கல். நிறத்தைச் சொல்கிறேன், கடினத்தை அல்ல. அது அவ்வளவு கடினம் இல்லை.

மாடியில் குடியிருக்கிற பையன், விதுராவில் மலையோரம் இருக்கிற ஐசர் என்கிற அறிவியல் கல்வி நிறுவனத்தில் வேதியியல் படிக்கிறவன், சத்தம் கேட்டு இறங்கி வந்தான். சோற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பூவில் இருப்பது ஆந்தோசயனின், அமிலம் பட்டால் சிவக்கும் என்றான். கேக்கில் இருப்பது குர்குமின், அது நேர்மாறு, காரம் பட்டால் சிவக்கும் என்றான். ஒரே சமையலறையில் இரண்டு சோதனையும் வெற்றி என்று கைகொடுக்க வந்தான். தங்கச்சி கையைக் கொடுக்கவில்லை.

அம்மா கேக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குப் படிப்பு? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன ஆகும்? ஆரத்தி. ஒன் தங்கச்சி ஆரத்தியைக் கரைக்காம சுட்டு வச்சிருக்கா."

தங்கச்சி முக்காலியில் உட்கார்ந்தாள். கண் நிறைந்தது. மூன்று வாரத்து உழைப்பு, இருநூறு பூ, அப்பாவின் வேட்டி. எனக்கே பாவமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பொன்முடிப் பக்கம் மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கத்தரிப்பூச் சோற்றைப் பார்த்தாள். செங்கல் கேக்கைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்க மாப்பிள்ளை என்ன செய்யாரு? அவரை வெளிய நின்னு மலையைப் போட்டோ எடுக்கச் சொல்லு. மஞ்சத் தோரணத்தை மேல கட்டு, நீலத்தைக் கீழ எறக்கு. அண்ணே, பலூனை எல்லாம் கலந்து விடு."

ஏழு மணிக்கு அவள் ஸ்டேட்டஸ் வந்தது. மேலே மஞ்சள், நடுவே செங்கல் கேக், அதைச் சுற்றிக் கத்தரிப்பூச் சோறு, அடியில் திட்டுத் திட்டாக என் அப்பாவின் வேட்டி, பின்னணியில் நிஜ மலை. 'தீம்: பொன்முடியில் அந்தி. எல்லாம் வீட்லயே செஞ்சது.' பிள்ளைகள் இருவரும் ஊதா நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கிளம்பும்போது தங்கச்சி கசவுச் சேச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூணு வாரமா இதே நெனப்புதான் சேச்சி. அந்தச் செவப்பு வர்றதுக்குத்தான் பாடுபட்டேன்." அம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

போன வாரம் நாகர்கோவிலில் எங்கள் தெருவிலேயே ஒரு பெண் வாசலில் என்னை நிறுத்தினாள். மகளுக்குப் பிறந்தநாளாம், தீம் அந்தியாம். "அண்ணாச்சி, ஒங்க தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன். நானும் மூணு கேக்கு சுட்டுப் பார்த்துட்டேன். நல்ல மஞ்சளா வந்து தொலைக்கி."