கோடாலியும் கைப்பேசியும்

எங்கள் ஆயா மரத்தோடு பேசியதெல்லாம் மிரட்டல்தான். எளாவூர் வீட்டுப் பின்கட்டில் ஒரு பங்கனபள்ளி மா, தழைத்துக்கொண்டே இருந்ததே தவிரப் பூக்கவில்லை. கிரகணத்தன்று அதற்கென்று ஒரு நாடகம் நடக்கும்.

"காய்க்கிறியா, இல்ல வெட்டி அடுப்புல வெக்கட்டுமா?" என்று ஆயா கோடாலியை ஓங்குவாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா ஓடிவந்து மரத்துக்கு வக்காலத்து வாங்குவாள்: "வத்தும்மா, வத்து! வர்ற வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்." கோடாலி இறங்கும். வந்ததற்கு அடையாளமாக உலக்கையால் அடிமரத்தில் நாலு இடி மட்டும் விழும். ஆந்திர எல்லையோரம் வளர்ந்த மரம். இரண்டு பாஷையும் அதற்குப் புரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அப்பா படித்தவர். அவருக்கு உலக்கை காட்டுமிராண்டித்தனம். 1901-லேயே ஜகதீஷ் சந்திர போஸ் லண்டன் ராயல் சொசைட்டியில் செடிகளின் மின்துடிப்பைக் காட்டிவிட்டார் என்பார். 1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் டி.சி.என். சிங் காசித்தும்பைச் செடிகளுக்குக் கர்நாடக இசையைக் கேட்கவைத்து, அவை கூடுதலாக வளர்ந்ததாக அறிவித்தார். ஆடல்வல்லான் ஊர் அல்லவா, செடிகளுக்கு முன்னால் பரதமும் ஆடவைத்துப் பார்த்தார். பிறர் திரும்பச் செய்து உறுதிப்படுத்திய முடிவு என்று அதைச் சொல்வதற்கில்லை. அப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. துளசி மாடத்தருகே டிரான்சிஸ்டரை வைத்துவிட்டார். துளசி கேட்டதென்னவோ பெரும்பாலும் மாநிலச் செய்தியும் உர விளம்பரமும்தான்.

இப்போது தம்பி மகன் காலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, நெடுஞ்சாலைப் பக்கம் மாடி வீடு. கூடத்தில் வரிசையாகப் பாம்புக் கற்றாழைத் தொட்டிகள். காற்றைச் சுத்தம் செய்யுமாம். "நாசாவே சொல்லிட்டான் பெரியப்பா" என்கிறான். நாசா 1989-ல் சொன்னது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனையைப் பற்றி. வீட்டுக்குள் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் வரை தேவை என்று 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அவன் கூடத்தில் ஆறு இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே இரும்பு உருக்கும் ஆலைப் புகை.

மொட்டை மாடியில் நீல டிரம்மை அறுத்து ஓர் ஒட்டு மா வைத்திருக்கிறான். மண்ணில் ஒரு சென்சார் குத்தியிருக்கிறது. ஈரம் குறைந்தால் "எனக்குத் தாகமாயிருக்கு" என்று கைப்பேசிக்குச் சேதி வரும், அவன் ஆலையிலிருந்தே மோட்டாரைப் போடுவான். செடி பேசுகிறது என்று பெருமை. நிஜமாகவே கொஞ்சம் பேசத்தான் செய்கிறது: தண்ணீரில்லாத தக்காளிச் செடி மணிக்கு 30 முதல் 50 முறை, நம் காதுக்கு எட்டாத ஒலியில் சொடுக்குவதை டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2023-ல் பதிவு செய்தார்கள். தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி உடையும் சத்தமாக இருக்கலாம் என்கிறார்கள். அழுகை என்று எடுத்துக்கொள்வது நம் விருப்பம்.

மாடி மரம் மட்டும் பூக்கவில்லை. பூக்காது. மா பூப்பதற்குச் சற்றே காய வேண்டும். பனியும் வறட்சியும் சேர்ந்தால் துளிருக்குப் பதில் பூங்கொத்து வரும். நித்தம் தண்ணீர் கிடைக்கும் மரம் இலைவிட்டுக்கொண்டே காலம் தள்ளும். தோப்புக்காரர்கள் பூவெடுக்கும் முன் தண்ணீரை நிறுத்துவதும், சிலர் பட்டையில் வளையமாகக் கீறிவிடுவதும் இதனால்தான். கீறினால் இலை சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்காமல் கிளையிலேயே தங்கும். பட்டை நசுங்கும்படி இடித்த ஆயாவின் உலக்கையும் அந்த வேலையைத்தான் அரைகுறையாகச் செய்திருக்க வேண்டும். அவளுக்கு மரத்திடம் வேண்டியது காய், அதை வாய்விட்டுக் கேட்டாள். இவனுக்கு வேண்டியது மரம் தன்னிடம் பேச வேண்டும் என்பது. அது கிடைத்துவிட்டது.

மாடியில் மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்த பிறகு தாராளமாக ஊற்றுங்கள். அதுவரை மரம் எத்தனை சேதி அனுப்பினாலும் பதில் போடாதீர்கள்.