மருதானைக்கு 23 பேர்

எங்கள் வீட்டில் எந்தப் பயணத்துக்கும் முதலில் போடுவது சோற்றுக் கணக்கு. எத்தனை பேர், எத்தனை பார்சல், மீன் பொரியலா முட்டையா. கோச்சி எத்தனை மணிக்கு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். (கோச்சி என்றால் ரயில். புகையிரதம் என்பது நிலையத்துப் பலகையில் மட்டும் ஓடுகிற ஒன்று.)

தொடக்கத்தில் நாங்கள் இரண்டே பேர். ராத்தாவின் மகள் பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறாள். மருதானை டவர் மண்டபத்தில் "மனமே" நாடகம், ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு ஒரு காட்சி என்று கேள்விப்பட்டு, "மாமா, கூட்டிப் போங்க" என்றாள். சரி என்றேன். அன்றிரவே ராத்தா தானும் வருவதாகச் சொன்னா. ராத்தா வந்தால் மச்சான் வருவார். மச்சான் வந்து அவருடைய தங்கச்சியை விட்டால் ஆறு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை இராது. பெரிய மாமி, மனமே என்ற பெயரைக் கேட்டு ஏதோ ஞானப்பாட்டுக் கச்சேரி என்று நினைத்து, பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டா. அது ஓர் இளவரசனின் பெயர் என்று விளக்கினேன். "அப்ப இளவரசனையும் பாத்துட்டு வருவமே" என்றா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து எண்ணிப் பார்த்தேன். 23.

திட்டமிடும் பொறுப்பைப் பெரிய மாமா எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகத்தர். அவருக்கு ரயில் வாரண்ட் உண்டு, அது குடும்பத்துக்கும் செல்லும். "குடும்பம் எண்டு எழுதினாப் போதும். எத்தின பேரு எண்டு யாரு கேக்கப் போறான்?" என்று 23 பேரையும் தன் குடும்பமாக எழுதப் பார்த்தார். அதில் மூன்று பேர் அவரை விட வயது கூடியவர்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் இருவரையும் எந்த முறையில் எழுதுவது என்ற கட்டம் வந்தபோது மாமி ஒரு பார்வை பார்த்தா. வாரண்ட் மடிந்து சட்டைப் பைக்குள் போனது. எல்லோருக்கும் மூன்றாம் வகுப்பு டிக்கெட் என்று முடிவானது.

பிறகு நேரக் கணக்கு. நாடகம் மூன்றரைக்கு, அசர் தொழுகையும் கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குத்தான். எங்கே தொழுவது? மாமா மருதானையில் தனக்குத் தெரியாத சந்து இல்லை என்றார். 1892இல் தொடங்கிய ஸாஹிரா கல்லூரி மருதானையில்தான் இருக்கிறது. அங்கேதான் படித்தீர்களா என்று ராத்தாவின் மகள் கேட்டாள். படிக்கவில்லையாம். ஒருமுறை கேரம் போட்டி பார்க்கப் போயிருக்கிறார். அந்த அனுபவத்தை வைத்து ஒரு கொப்பித் தாளில் மருதானையின் வரைபடம் கீறினார். அதில் பள்ளிவாசல் இருந்தது, ஒரு புரியாணிக் கடை இருந்தது, டவர் மண்டபம் இல்லை.

உண்மையில் வரைபடமே தேவையில்லை. மருதானை ஸ்டேஷனில் இறங்கினால் மண்டபம் நடை தூரத்தில் நிற்கிறது. 1911 டிசம்பரில் அநகாரிக தர்மபாலா திறந்துவைத்த கட்டடம். கோச்சிப் பாதை புத்தளம் வரை நீண்டது 1926இல்தான். எனவே எங்கள் பக்கத்து ஆட்கள் கோச்சியேறி நாடகம் பார்க்க வருவார்கள் என்று அந்த மண்டபம் 15 வருடம் காத்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இந்தப் பாதையில் பெரிய பெரிய திட்டமெல்லாம் வந்திருக்கிறது. கொழும்புக் குப்பையைக் களனியிலிருந்து கோச்சியில் ஏற்றி அருவக்காட்டில் கொண்டுவந்து கொட்ட ஒரு திட்டம் போட்டார்கள். புத்தளம் சனம் மாதக்கணக்கில் தெருவில் இருந்து எதிர்த்தது. குப்பை வருவதற்கே அவ்வளவு யோசித்திருக்கிறார்கள், மனிதர் போவதற்கு நாங்கள் கொஞ்சம் யோசித்தால் என்ன என்று மாமா கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

மூத்தாப்பாவுக்கு இதெல்லாம் வீண் செலவு. "மெட்னிக்கா கொழும்புக்குப் போறீங்க?" என்றார். உடப்பில் திரௌபதை அம்மன் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்துப் பார்த்த தலைமுறை அவர். டிக்கெட் இல்லை, கோச்சி இல்லை, பாய் கொண்டுபோனால் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நான் கொஞ்சம் படித்தவன் என்று காட்ட ஆசைப்பட்டு, மனமேயும் கூத்துக்குப் பிள்ளைதான் என்றேன். தமிழ்க் கூத்து இந்தக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஊறி, சிங்களத்தில் 'நாடகம' என்று பெயர் எடுத்தது. பேராசிரியர் சரச்சந்திர அதை அம்பலாங்கொடைக் கிழவர் ஒருவரிடம் கற்று, ஜப்பானில் பார்த்த நோ, கபுகி நாடகங்களையும் மனதில் வைத்து, 1956 நவம்பர் 3இல் லயனல் வென்ட் அரங்கில் மனமேயை ஏற்றினார். மூத்தாப்பா முழுவதையும் கேட்டார். "அப்ப நம்ம சாமானத்த நாமளே காசு குடுத்துப் பாக்கப் போறோம்" என்றார்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் உம்மும்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"திரும்பி வாறது எப்படி?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். "போன கோச்சி திரும்பாமலா கெடக்கும்?" என்றார் மாமா. சோற்றுக் கணக்கு மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு, கனமூலையிலிருந்து ஆறு ஆட்டோவில் மதுரங்குளி ஸ்டேஷனுக்குப் போனோம். ஐந்தில் ஆட்கள், ஒன்றில் பார்சல். கோச்சி நேரத்துக்கு வந்தது. முந்தல் தாண்டுவதற்குள் பகல் சாப்பாட்டில் பாதி முடிந்தது. சிலாபத்தில் மிச்சமும் முடிந்தது. கொழும்பு போய்ச் சேர்ந்தால் நாடகத்துக்கு இன்னும் பல மணி நேரம். பெண்கள் புறக்கோட்டைக்குப் போய்த் துணி வாங்கினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்து எடுத்தது தனிக் கட்டுரை.

அசரும் தொழுது, 23 பேரும் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஸ்டேஷனில் கேட்டு எழுதி வந்த நேரங்கள். அதைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். மதுரங்குளிக்குப் போகும் கடைசிக் கோச்சி மருதானையை விடும் நேரமும், நாடகம் முடியும் நேரமும் ஒன்று. அடுத்தது சிலாபத்தோடு நின்றுவிடும்.

மேடையில் இளவரசன் குருவின் மகளை மணமுடித்துக்கொண்டு காட்டு வழியே வருகிறான். வேட்டுவத் தலைவன் மறிக்கிறான். வாள் சண்டை. உம்மும்மா ஆசன நுனியில் இருந்தா. மொழி தெரியாது, ஆனால் வாள் தெரியும். இளவரசியின் கையில் வாள் இருக்கிறது, யாரிடம் கொடுக்கப் போகிறாள் என்று மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், மாமா எழுந்து கையைக் காட்டினார். இருட்டில் 23 பேர், துணிப் பைகளோடு, வரிசையில் இருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனோம். ஸ்டேஷனுக்கு ஓட்டம். கோச்சி நேரத்துக்குத்தான் வந்தது. அன்றைக்காவது பிந்தி வரக்கூடாதா என்று நான் நினைத்தேன்.

ராகமையில் வடைக்காரர் ஏறினார். எங்கள் வாக்குவாதத்தில் 'மனமே' என்ற சொல் காதில் விழுந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, முடிவைச் சிங்களத்தில் சொன்னார். மாமா மொழிபெயர்த்தார். இளவரசன் சாகிறான். அவளை நம்ப முடியாது என்று வேடனும் விட்டுப் போய்விடுகிறான். அவள் காட்டில் தனியே விழுந்து சாகிறாள். பத்து வடை விற்றுவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போனார்.

உம்மும்மா நம்பவில்லை. "வடை விக்கிறவன் சும்மா செல்றான். அந்தப் புள்ள வாள மாப்பிள்ளைக்குத்தான் குடுத்திருக்கும்" என்கிறா, இன்றுவரைக்கும். மனமேயைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் யாராவது மதுரங்குளிப் பக்கம் வந்தால், தயவுசெய்து கனமூலைக்கு ஒரு எட்டு வந்து அவவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சோறு எங்கள் செலவு.